வெள்ளைத் துணியில் ஒட்டாத சிவப்பு

மகளின் சிவப்பு டி-சர்ட்டைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். வயிற்றிலும் தோளிலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், யாரோ தெளித்துவிட்ட மாதிரி. அப்போது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் நேராக என் கணவர் மேல்.

நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்டது என்று பார்த்துக் கழிப்பது என் பிரிவின் வேலை. என் கணவர் சாயப்பட்டறையில் லேப் பொறுப்பு. அவர் பட்டறையில் சாயம் ஏறிய துணி பல சமயம் எங்கள் கம்பெனிக்குத்தான் வரும். அவர் அனுப்பியதில் நான் குறை சொல்வதும், அவர் அதை வீட்டில் வந்து மறுப்பதுமாகவே எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி போயிருக்கிறது. அந்த டி-சர்ட்டும் அவர்கள் பட்டறைத் துணி; ஆர்டர் முடிந்து மிஞ்சிய சாம்பிள் பீஸ். மகள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளி விளையாட்டுப் பயிற்சிக்குப் போய் நன்றாக வேர்த்து வந்திருந்தாள்.

“ஏனுங்க, உங்க சாயத்தோட லட்சணத்த வந்து பாருங்க. புள்ள மேலெல்லாம் எறங்கியிருக்குது.”

அவர் திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்கட்டில் கைகழுவிக்கொண்டிருந்தவர், அப்படியே வந்தார். அந்தச் சிவப்பு அவரே சரிபார்த்து அனுப்பியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்க சாயம் எறங்காது புள்ள. இரு, காட்டறேன்.”

சாயம் நிற்கிறதா என்று பார்க்க லேபில் ஒரு வழி உண்டு. சுத்தமான வெள்ளைத் துணியை ஈரமாக்கி, சாயத் துணிமேல் அழுத்தித் தேய்ப்பார்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தச் சரக்கு திரும்பிப் போகும். அவர் வண்டிப் பெட்டியில் எப்போதும் அந்தத் துணித்துண்டு கிடக்கும். அதை எடுத்து நனைத்து, மகளின் வயிற்றில் வைத்துத் தேய்த்தார். அவள் கூசுகிறது என்று நெளிந்து சிரித்தாள். அவர் துணியைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தார். அப்போதும் வெள்ளைதான். புள்ளிகள் ஒன்றுகூடக் கலையவில்லை.

என்னிடம் ஜெயித்துவிட்ட முகத்தோடு நிமிர்ந்தவர், அப்படியே நின்றார். பிறகு குனிந்து அவள் காலுறையை இறக்கினார். டி-சர்ட் படாத கணுக்காலிலும் அதே புள்ளிகள், அங்கே இன்னும் நெருக்கமாக.

“இது சாயமில்ல புள்ள,” என்றார். “உள்ளுக்குள்ள இருக்குது.”

முதலில் டெங்கு என்றுதான் நினைத்தோம். எங்கள் தெருவில் அந்த மழைக்காலத்தில் பாதி வீட்டில் காய்ச்சல். பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, ஆனால் தட்டணுக்கள் மிகவும் குறைவு என்றார்கள். இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் அவை. அவை குறைந்தால் தோலுக்கடியில் இரத்தம் கசியும், அதுதான் புள்ளி என்று அந்த டாக்டர் சொல்லிக்கொண்டே மகளின் கழுத்தைத் தடவினார். தடவிய கை நின்றுவிட்டது.

“இந்தக் கட்டிங்க எத்தனை நாளா இருக்கு?”

அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டாத நாளே கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோதே உருண்டை உருண்டையாக இருக்கும். சளி பிடிக்கிற பிள்ளைக்கு நெறி கட்டத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அவள் முகவாகுவே அப்படி என்று பழகிவிட்டோம். டாக்டர் அவளைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். பேனாவை எடுத்து வயிற்றில் ஒரு கோடு போட்டார்.

“மண்ணீரல் இதுவரைக்கும் வந்திருக்குங்க. விலாவைத் தாண்டியே வரக்கூடாது. இன்னைக்கே கோயமுத்தூர் போயிருங்க. வழியில வண்டி ரொம்ப ஆடாமப் பாத்துக்குங்க.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாததுதான் அவிநாசி ரோடு முழுக்க எங்களோடு வந்தது. வாடகைக் காரின் டிரைவரிடம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் நான் கத்தினேன். பாவம், அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். மகள் என் மடியில் படுத்து, வயிற்றில் இருந்த பேனாக்கோட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதை அழிக்கலாமா என்று கேட்டாள்.

கோவையில் எங்களைப் பார்த்தது இரத்த நோய் மருத்துவர், ஓர் அம்மா. என் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுவார். கழுத்துக் கட்டி ஒன்றை எடுத்துப் பரிசோதிக்கவேண்டும் என்றார். என் கணவர், “கேன்சருங்களா?” என்று நேராகக் கேட்டுவிட்டார். நான் அவர் கையைக் கிள்ளினேன். மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“அது இல்லைன்னு உறுதி பண்ணத்தான் எடுக்கறோம்,” என்றார் டாக்டர். ஆறுதலாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாத பதில்.

முடிவு வரும்வரை நான் என்னவாக இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. கம்பெனியில் இருந்து போன் வந்தால் எரிந்து விழுந்தேன். மகள் கட்டிலை விட்டு இறங்கினால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் கசியலாம், வயிற்றில் அடிபட்டால் மண்ணீரல் கிழியலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கட்டில் விளிம்பெல்லாம் என் கண்ணுக்குக் கத்தியாகத் தெரிந்தது.

கேன்சர் இல்லை என்று வந்தது. என் கணவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். நான் கும்பிடப் போனேன். டாக்டர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஒன்று நூறாக, நூறு ஆயிரமாகப் பெருகுமாம். கிருமி ஒழிந்ததும் அத்தனைக்கும் வேலை இல்லை. திரும்ப அதே கிருமி வந்தால் அடையாளம் காணச் சிலது மட்டும் இருந்தால் போதும். மீதி அத்தனையும் செத்துப்போகவேண்டும். யாரும் அடித்துக் கொல்வதில்லை. ‘போதும்’ என்று ஒரு சேதி வரும். அணு தன்னைத் தானே துண்டுதுண்டாக உடைத்துக்கொள்ளும். பக்கத்து அணுக்கள் அந்தத் துண்டுகளைத் தின்றுவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை, சத்தமே இல்லை. நம் எல்லார் உடம்பிலும் இந்த நிமிஷம் அது நடந்துகொண்டிருக்கிறது என்றார். சொந்த உடம்பையே தாக்கக்கூடிய வெள்ளணுக்களையும் உடம்பு இப்படித்தான் முன்கூட்டியே சாகவைத்துவிடுகிறதாம்.

“உங்க பொண்ணு உடம்புல அந்தச் சேதியை வாங்கற கதவு சரியில்லை. பிறவியிலேயே அப்படி. அதனால சாகவேண்டிய அணுக்கள் சாகாம இருக்கு. கழுத்துல, மண்ணீரல்ல போய்ச் சேருது. அந்தக் கூட்டத்துல சிலது அவளோட தட்டணுக்களையே எதிரின்னு நினைச்சு அழிக்குது.”

எனக்குக் கோபம் பொங்கியது. இதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. சாகமாட்டேன் என்று இருப்பது ஒரு நோயா? நான் வேலை செய்யும் ஊரில் சீசன் முடிந்து ஷிப்மென்ட் போனதும் ஆளைக் குறைப்பார்கள். கொரோனாவின்போது என்னையும் அப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்தால் போகவேண்டும் என்கிற பேச்சு யார் வாயில் வந்தாலும் எனக்கு ஆகாது. என் மகள் உடம்புக்குள்ளும் அதே நியாயமா என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவள் கணுக்காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். போகாமல் உட்கார்ந்திருப்பவை அவளை அல்லவா தின்றுகொண்டிருந்தன. அன்று முதல் தடவையாகச் சில உயிர்கள் சாகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

மருந்து கொடுத்தார்கள். முதலில் ஸ்டீராய்டு. தட்டணுக்கள் ஏறின, முகம் பூசணிக்காயாக உப்பியது, புள்ளிகள் மறைந்தன. ஊருக்கு வந்தோம். வெள்ளணுக்கள் மேலும் பெருகாமல் அடக்குகிற இன்னொரு மாத்திரையும் உண்டு. அது வேலை செய்ய நாளாகும், அதுவரை பொறுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் வேலைக்குத் திரும்பியதும் செக்கிங் மேசையைச் சுற்றிலும் வைத்தியம்தான். பக்கத்தில் நிற்கும் தென்மாவட்டத்து அக்கா, “என்ன மாத்திரைம்மா குடுக்காக?” என்று கேட்டார். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்றேன். அவர் கையில் இருந்த பீஸ் அப்படியே நின்றது.

“ஊர்ல இருக்கவனெல்லாம் எதிர்ப்புச் சக்திய ஏத்துறதுக்கு கசாயத்தக் குடிக்கான். நீ பிள்ளைக்கு அதக் கொறைக்கியா? எந்த டாக்டர் சொன்னான்?”

“டாக்டரு பொம்பளைங்க்கா.”

“யாரா இருந்தா என்ன.”

மறுநாள் ஒருவர் நெல்லிக்காய் லேகியம் கொண்டுவந்தார், ஒருவர் கசாயப் பொடி. எல்லாம் பிரியத்தில் வந்தவை. எல்லாவற்றையும் வாங்கி, ஒன்றையும் கொடுக்காமல், வீட்டு அலமாரியில் அடுக்கினேன். எதிர்ப்புச் சக்தி என்பது ஏறிக்கொண்டே இருந்தால் நல்லது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். நிறுத்தத் தெரியாத சக்தி என்ன செய்யும் என்று யாருக்கு விளக்குவது? மேசையில் நின்று விளக்க ஆரம்பித்தால் லைன் நின்றுவிடும்.

ஸ்டீராய்டைக் குறைக்க ஆரம்பித்ததும் புள்ளிகள் திரும்பி வந்தன. இம்முறை பல் துலக்கும்போது ஈறிலும் இரத்தம். வாஷ்பேசினில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு என் கணவர் வேலைக்குப் போனார். மாலையில் வந்தபோது முடிவோடு வந்தார். அவர் முதலாளிக்குத் தெரிந்த ஒரு சர்ஜன் ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறார். தட்டணுக்கள் அழிகிற இடமே மண்ணீரல்தான், அதை எடுத்துவிட்டால் எண்ணிக்கை ஏறிவிடும் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமையே அட்மிட் செய்யலாமாம்.

“கோயமுத்தூர் டாக்டரம்மா மண்ணீரலத் தொடவேண்டாம்னு சொன்னாங்களே,” என்றேன்.

“பொறுங்க பொறுங்கன்னா எத்தன நாளைக்குப் பொறுக்கறது? பெருத்துக் கெடக்குது, கெட்டுப்போச்சு. எடுத்து எறிஞ்சரலாம் புள்ள.”

“அத எடுத்துட்டா நாளைக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்காதுன்னாங்க. ரத்தத்துல கிருமி ஏறுனா மணிக்கணக்குல உசிரு போயிருமாம்.”

“அது நாளைக்கு. இன்னைக்கு அவ தலையில அடிபட்டா? ஸ்கூல்ல ஒருத்தன் தள்ளிவுட்டா? நீ பதில் சொல்லுவியா?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாள் முழுக்கப் பீஸ்களைக் கழித்துத் தள்ளுகிற கை என்னுடையது. கறை பட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுவேன். ஆனால் அவள் வயிற்றில் இருந்ததைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் கேட்டால் அந்த டாக்டரின் குரலைத் தவிர வேறு ஒன்றும் காட்டமுடியாது. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மகள்தான் நடுவில் இருந்து, “அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க,” “அப்பா வேண்டாங்கறாங்க,” என்று தூது போனாள். நான் பயந்த அளவுக்கு என் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. நான் சொல்கிறபடி பொறுத்து அவள் போய்விட்டால்? அவர் சொல்கிறபடி வெட்டி அவள் போய்விட்டால்?

வெள்ளிக்கிழமை கோவையில் இருந்து போன் வந்தது. மகளோடு சேர்த்து எங்கள் இருவரின் இரத்தத்தையும் முன்பே மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்திருக்கிறது, இருவரும் வாருங்கள் என்றார்கள். மண்ணீரலை எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் அவர் கிளம்பினார்.

கோவையில் அவர் தன் முடிவைச் சொன்னார். டாக்டர் கடைசிவரை கேட்டார். பிறகு, “சட்டையைத் தூக்கிட்டு அந்தக் கட்டில்ல படுங்க,” என்றார்.

“எனக்கெதுக்குங்க?”

“படுங்க.”

மகளை எப்போதும் படுக்கவைத்துப் பார்க்கும் அதே கட்டிலில் என் கணவர் படுத்தார். டாக்டர் அவருடைய இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். பிறகு என் கணவரின் கையையே எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

“தட்டுப்படுதா? உங்களுக்கும் மண்ணீரல் கொஞ்சம் பெருசு. பொண்ணுக்கு இருக்கற அதே மாற்றம் உங்க மரபணுவுலயும் இருக்கு. சின்ன வயசுல கழுத்துல கட்டி இருந்துச்சா?”

அவர் படுத்தபடியே விட்டத்தைப் பார்த்தார். சோமனூரில் படிக்கிற காலத்தில் தன்னைக் கழுத்தன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார். மீசை முளைத்த பிறகு தானாகக் கரைந்துவிட்டதாம். என்னிடம் அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

“அப்ப எங்கிட்ட இருந்துதான் போச்சுங்களா?”

“ஆமாங்க. ஒரே மாற்றம் ஒருத்தருக்கு அடங்கியே இருக்கும், ஒருத்தருக்குப் படுத்தி எடுக்கும். ஏன்னு முழுசாத் தெரியாது. பெரியவங்க ஆக ஆகப் பலருக்குக் கட்டிகள் சுருங்கும். உங்களுக்குச் சுருங்கியிருக்கு. அவளுக்கும் அப்படி ஆகும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். வெட்டவே கூடாதுன்னும் சொல்லலை. இந்த மாத்திரைக்கு இன்னும் கொஞ்சம் நாள் குடுங்கன்னுதான் கேக்கறேன்.”

அவர் எழுந்து சட்டையை இறக்கிவிட்டார். பட்டனைத் தப்பான ஓட்டையில் போட்டார். நான் சரிசெய்யப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் பட்டனைச் சரியான ஓட்டையில் போட்டுவிட்டேன். வெளியே பெஞ்சில் மகள் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போய் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் கழுத்துக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“என்னுங்கப்பா?”

“ஒண்ணுமில்ல சாமி. அப்பனுக்கும் இருந்துச்சு.”

திங்கட்கிழமை நாங்கள் ஆபரேஷனுக்குப் போகவில்லை. முதலாளிக்கு வருத்தம்தான். அதற்குப் பிறகு காத்திருந்த காலத்தைப் பற்றி எழுத விஷயம் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான். பள்ளிக்கு அனுப்பவில்லை. சைக்கிளைப் பூட்டினோம். வாராவாரம் இரத்தம் எடுத்தோம். எண்ணிக்கை கொஞ்சம் ஏறும், இறங்கும், அப்படியே நிற்கும். குளிக்கவைக்கும் சாக்கில் அவள் உடம்பு முழுக்கத் தேடுவேன். பீஸ் பார்க்கிற கண்ணால் பிள்ளையைப் பார்க்கிறேனே என்று என் மேலேயே வெறுப்பாக இருக்கும். பார்க்காமலும் இருக்கமுடியாது. பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. மண்ணீரலும் கொஞ்சம் சுருங்கியது. டாக்டர், “ஸ்கூலுக்குப் போகட்டும், விளையாட்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம்,” என்றார். அது திரும்ப வராது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சிவப்பு டி-சர்ட்டை நான் பீரோவின் அடியில் திணித்து வைத்திருந்தேன். எறியவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எதையோ தேடி அதை இழுத்து எடுத்து மாட்டியிருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது; மாடியில் காய்ந்த துணியை எடுக்க அவள் எனக்கு முன்னால் ஓடியிருக்கிறாள். தெப்பலாக நனைந்து வந்தாள். திட்டிக்கொண்டே டி-சர்ட்டைக் கழற்றினேன்.

தோளில் சிவப்பு. வயிற்றில் சிவப்பு. இம்முறை புள்ளியாகக்கூட இல்லை, திட்டுத்திட்டாக.

“ஏனுங்க,” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. குரலில் இருந்ததைக் கேட்டே அவர் ஓடிவந்தார். பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் வெளியே போய், வண்டிப் பெட்டியில் இருந்து வெள்ளைத் துணியை எடுத்துவந்தார். மகள் முன்னால் மண்டியிட்டார். அந்தக் கை தேய்க்கப் போகாமல் அவள் வயிற்றுக்கு முன்னால் நின்றது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தேய்த்தார். திருப்பிப் பார்த்தார். துணி சிவந்திருந்தது.

சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி வந்து தோளில் தேய்த்தார். அங்கே தோல் சுத்தமாகி, துணி இன்னும் சிவந்தது.

“சாயம் புள்ள,” என்றார். “எங்க சாயந்தான். எறங்கியிருக்குது.”

தன் சாயம் இறங்காது என்று அன்று வீம்பு பேசிய மனிதர் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு அவரிடம் போய் நின்றாள்.

“இன்னொருக்கா தேய்ங்கப்பா. கூசுது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேய்த்தார். இன்னும் கொஞ்சம் சிவப்பு வந்தது.